துளசிமணிக்கு முந்நூற்றுப் பதினோரு இரங்கல்கள்

வெள்ளோடைப்புதூர் வம்சாவளிக் குழுவில் குழந்தைவேலு தன் தங்கை துளசிமணியின் கண்ணீர் அஞ்சலி அட்டையைப் போட்ட செவ்வாய்க்கிழமை, உச்சிப்பொழுதுக்குள் முந்நூற்றுப் பதினோரு பேர் இரங்கல் எழுதினார்கள், விளக்கு வைக்கிற நேரத்துக்கு அந்த முந்நூற்றுப் பதினோரு பேர் வீட்டுக் குழாய்களிலும் அட்டை போட்டவர் வீட்டுக் குழாயிலும் தண்ணீரோடு கறுப்பு எள் வர ஆரம்பித்தது. திருப்பூரில் வந்தது, கோயம்புத்தூரில் வந்தது, துபாயில் பதினான்காம் மாடியில் வந்தது, டொராண்டோவில் வெந்நீர்க் குழாயிலும் பச்சைத் தண்ணீர்க் குழாயிலும் ஒரே அளவாக வந்தது. அதே நேரத்தில், செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட துளசிமணி ஈரோட்டில், தான் வார்டனாக இருக்கிற பெண்கள் விடுதியின் அடுப்படியில் நின்றுகொண்டு, செருப்புக் காலோடு உள்ளே வந்ததற்காக சிலிண்டர்க்காரரைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவள் திறந்துவிட்டிருந்த குழாயில் தண்ணீர் தண்ணீராகத்தான் வந்தது.

அடுப்படிக்குப் பக்கத்து அறையில் அவள் மகள் நிறைமதி கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு, தன் அம்மாவுக்கு வந்துகொண்டிருந்த இரங்கல்களை ஒன்றுவிடாமல் படித்தாள்.

நிறைமதி எம்.ஏ. வரலாறு படித்தவள். கடையில் மீதிச் சில்லறையைக் கேட்பதற்குக்கூடத் தயங்கி வந்துவிடுகிறவள். ஆனால் எழுதச் சொன்னால் எழுதுவாள், அதுவும் யார் மனமும் நோகாமல் எழுதுவாள். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அவள் அந்தக் குழுவில் சேர்ந்தபோது, சேருவதற்கான படிவம் அப்பாவின் ஊரைக் கேட்டது, முப்பாட்டனார் பெயரைக் கேட்டது, குலதெய்வத்தைக் கேட்டது, அம்மாவின் பெயரை மட்டும் கேட்கவில்லை. ஊருக்கு ஈரோடு என்று போட்டாள், முப்பாட்டனாரையும் குலதெய்வத்தையும் அம்மா சொல்லிக் கேட்டிருந்தபடி எழுதினாள். அது போதுமானதாக இருந்தது. உள்ளே நானூற்றுப் பதினெட்டுப் பேர் இருந்தார்கள். விடிந்தால் ரோஜாப்பூப் படத்தோடு காலை வணக்கம், பத்து மணிக்கு மூட்டுவலித் தைலம், மதியம் எவனோ ஒரு பங்காளி இன்னொரு பங்காளியின் தாத்தா வாய்க்கால் வரப்பை வெட்டினதைப் பற்றி எழுத, சாயங்காலம் வரைக்கும் அதற்குப் பதில் வசவு. இதற்கெல்லாம் நடுவில், பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பது வருஷம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற குழந்தைவேலு, ஒன்பது தலைமுறைகளைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டும் என்று ஒற்றை ஆளாகப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்.

நிறைமதியின் தமிழைப் பார்த்துவிட்டு அவர்தான் கேட்டார். "அம்மிணி, இந்தக் கூட்டத்துக்கு ஒரு ஒழுங்கு எழுதிக் குடுங்க. படிச்ச புள்ளைங்க எழுதுனாக் கேப்பாங்க."

அவர் தன் தாய்மாமன் என்பது அவளுக்குத் தெரியும். அவருக்கு இவள் யாரென்று தெரியாது. "சரிங்க ஐயா" என்று பதில் போட்டு, மூன்று நாள் உட்கார்ந்து பதினோரு விதிகள் எழுதினாள். புதிதாக வந்தவர்கள் கேள்வி கேட்பதற்கு முன் பழைய பதிவுகளைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று எழுதினாள். உதவி செய்தவருக்கு நன்றி சொல்ல வேண்டும், தவறைச் சுட்டிக்காட்டுகிறவரின் தாய் தகப்பனை இழுக்கக் கூடாது என்றெல்லாம் எழுதினாள். உயிரோடு இருப்பவர்களின் விவரங்களைப் பொதுவில் போடக் கூடாது என்பதை மூன்றாவதாக வைத்தாள், பிறப்போ இறப்போ எதைச் சொன்னாலும் ஆதாரத்தோடு சொல்ல வேண்டும் என்பதை ஐந்தாவதாக வைத்தாள். குழு அவளைக் கொண்டாடியது. காலை வணக்க ரோஜாக்கள் நின்றன. வாய்க்கால் வரப்புக்காரர்கள் "தங்கள் பாட்டனார்" என்று எழுதி வைதுகொண்டார்கள். பக்கம் பக்கமாகக் கொடிவழியைத் தட்டச்சு செய்யும் வேலையும் அவளிடமே வந்து சேர்ந்தது, அவளும் சலிக்காமல் செய்தாள், ஏனென்றால் நாற்பத்தாறாம் பக்கத்துக்காக அவள் காத்துக்கொண்டிருந்தாள். அது குழந்தைவேலுவின் சொந்தக் குடும்பத்தின் பக்கம். தன் அம்மாவை எந்த இடத்தில், எப்படி எழுதப் போகிறார்கள் என்று பார்க்கத்தான் அவள் அந்தக் குழுவுக்குள்ளேயே வந்திருந்தாள்.

அந்தப் பக்கத்தை மட்டும் குழந்தைவேலு தானே எழுதிப் போட்டார். துளசிமணி, பிறப்பு 1971, மறைவு 1992, மணமாகவில்லை, வாரிசு இல்லை. ஐந்தாம் விதிப்படி ஆதாரமாகக் கண்ணீர் அஞ்சலி அட்டையையும் இணைத்திருந்தார்.

அந்த அட்டை நிறைமதிக்குப் புதிதில்லை. வீட்டில் ரேஷன் கார்டோடு ஒன்று இருக்கிறது. 1992இல் துளசிமணி, பேருந்து நடத்துநர் மரியசெல்வத்தைப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட பதினாறாம் நாள், வேறு சாதிக்காரனோடு போனவள் செத்தவள்தான் என்று வீட்டார் தலை முழுகி, மொட்டை போட்டு, இலை போட்டு, ஊருக்கே கருமாதிச் சாப்பாடு போட்டார்கள். அட்டையை அச்சாபீசுக்கு எடுத்துப்போனது அண்ணன் குழந்தைவேலு. அதில் ஒன்றைத் தங்கைக்கே தபாலில் அனுப்பியவரும் அவர்தான். ரிப்பன் வைத்த இரட்டைச் சடையோடு பள்ளிக்கூடத்துப் படத்தில் துளசிமணி சிரித்துக்கொண்டிருப்பாள், மேலே இரண்டு கண்கள், ஒவ்வொன்றிலும் மூன்று சொட்டு.

கண்ணீர் அஞ்சலி அட்டையைப் பார்த்தால் குழுக்காரர்களின் கட்டை விரல் என்ன செய்யுமோ அதைத்தான் செய்தது. வருஷத்தை யாரும் பார்க்கவில்லை. பார்த்தவர்களும், முப்பத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய சாவென்றாலும் சாவு சாவுதானே என்று நினைத்தார்கள். ஆழ்ந்த இரங்கல். ஆழ்ந்த இரங்கல். ஆன்மா சாந்தியடைய வேண்டுகிறேன். ஈடுசெய்ய முடியாத இழப்பு. ஆர்.ஐ.பி.

நிறைமதி அடுப்படிக்குப் போய்க் கைப்பேசியைக் காட்டினாள். துளசிமணி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"போட்டோ நல்லாத்தான் இருக்குது. அந்த ரிப்பன் என்ற சித்தி வாங்கிக் குடுத்தது."

"அம்மா, கீழே படிங்க."

படித்தாள். மணமாகவில்லை என்ற இடத்தில் சிரித்தாள். வாரிசு இல்லை என்ற இடத்துக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. முப்பத்திரண்டு பெண்களை ஒரே அதட்டலில் எழுப்புகிற குரல் தாழ்ந்துபோய் வந்தது.

"என்னையக் கொன்னாங்க, சரி, அது பழைய கதை. உன்னைய எப்படிக் கண்ணு பெத்துக்காம விட்டாங்க?"

அந்தக் கேள்விக்குப் பதில் வாங்காமல் விடக் கூடாது என்று நிறைமதி அன்றைக்கே முடிவு செய்தாள். புத்தகம் அச்சுக்குப் போக இருபத்தாறு நாள் இருந்தது.

எள் வந்ததைப் பற்றி யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. முதல் நாள் மேல்நிலைத் தொட்டியைக் கழுவினார்கள், இரண்டாம் நாள் குழாய்க்காரரைக் கூப்பிட்டார்கள், மூன்றாம் நாள் குழுவில் ஒருவர் "எங்கள் வீட்டிலும்" என்று எழுத, வரிசையாக எல்லோரும் "எங்கள் வீட்டிலும்" என்று எழுதி நிம்மதியானார்கள். ஒருத்தருக்கு வந்தால் சாபம், எல்லோருக்கும் வந்தால் அது வழக்கம். குழாய் வாயில் வேட்டித் துணி கட்டினார்கள். ஆழ்ந்த இரங்கல் என்று முழுதாக எழுதியவர்கள் வீட்டில் எள் முழுசாக வந்தது, கைகூப்பிய படம் மட்டும் போட்டவர்கள் வீட்டில் நொறுங்கலாக வந்தது, ஆர்.ஐ.பி. என்று மூன்றெழுத்தில் முடித்தவர்கள் வீட்டில் மூன்று மூன்றாகச் சொட்டியது, முன்னால் யாரோ எழுதியதை அப்படியே எடுத்து ஒட்டியவர்கள் வீட்டில் வேறு யார் வீட்டுக் குப்பையோ கலந்த பழைய எள் வந்தது. வாரம் முடிவதற்குள் பெருமை பேச ஆரம்பித்துவிட்டார்கள். "நம்முது நல்ல கருப்புங்க, செக்குல குடுத்தா எண்ணெய் சும்மா கமகமங்குது" என்று ஒருவர் குரல் பதிவு போட்டார். திருப்பூர்க்காரர் பொட்டலம் கட்டி, மருந்தடிக்காத எள் என்று விற்றார். எள்ளுருண்டை பிடித்துப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுத்தார்கள். சனிக்கிழமைகளில் கோயிலுக்கு எள் விளக்குப் போட வெளியில் வாங்குவதையே விட்டுவிட்டார்கள். காக்கைகள் மட்டும் குளியலறை ஜன்னல்களில் வரிசையாக வந்து உட்கார்ந்து, குளிக்கிறவர்களை, எப்போது தண்ணீர் இறைத்துவிட்டு ஒதுங்குவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தன. ஜன்னலுக்கு அட்டை அடித்தார்கள்.

இத்தனையும் செய்தார்களே தவிர, ஒரு பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த நான்கு எண்களை அழிக்கலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

நிறைமதி குழந்தைவேலுவுக்குத் தனியாக எழுதினாள். பொதுவில் ஒருவரைத் திருத்துவதற்கு முன் தனியாகச் சொல்ல வேண்டும் என்பது அவள் எழுதிய எட்டாம் விதி. *ஐயா, வணக்கம். நாற்பத்தாறாம் பக்கத்தில் உள்ள துளசிமணி உயிரோடு இருக்கிறார். நான் அவருடைய மகள். திருத்திவிட வேண்டுகிறேன்.*

படித்துவிட்டதற்கான இரண்டு நீலக் கோடுகள் உடனே விழுந்தன. பதில் மறுநாள் காலையில் வந்தது. *அம்மிணி, விதி 3: உயிரோடு இருப்பவர்களின் விவரங்களைப் பகிரக் கூடாது. தாங்கள் எழுதியதே.*

அவள் அந்த ஒற்றை வரியை வெகுநேரம் பார்த்தாள். அவருக்குத் தெரிந்திருக்கிறது என்பதை அவர் ஒளிக்கக்கூட இல்லை.

அடுத்து அவள் பொதுவில் போட்டாள். கணவன் இறந்த பிறகு குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவள் துளசிமணி. வருஷத்துக்கு ஒரு தரம் அலுவலகத்துக்குப் போய், கட்டை விரலை வைத்து, தான் உயிரோடு இருக்கிறேன் என்று சான்றிதழ் வாங்கிக்கொண்டு வருகிறவள். அரசாங்கமே ஒப்புக்கொண்ட உயிர். அந்த வாழ்நாள் சான்றிதழைப் படம் பிடித்து, ஐந்தாம் விதிப்படி ஆதாரம் என்று போட்டாள். நான்கு நிமிஷத்தில் அது நீக்கப்பட்டது. *விதி 3.* சரி, சான்றிதழ் இல்லாமல் சொல்லிப் பார்க்கலாம் என்று வெறும் வார்த்தைகளாக எழுதினாள். *விதி 5. ஆதாரம் இல்லை.* அதாவது உயிரோடு இருந்தால் பேசக் கூடாது, பேச வேண்டுமென்றால் முதலில் செத்திருக்க வேண்டும். தன் கையால் தானே கட்டிய பட்டியில் தன் அம்மாவை அடைத்துவைத்திருப்பதைப் பார்த்து நிறைமதிக்குக் காது மடல் எரிந்தது.

அன்று மாலை சாமியாத்தாள் அவளைக் கைப்பேசியில் தனியாக அழைத்தாள். துளசிமணியின் பெரியப்பா மகள், பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு.

"அவ உசுரோட இருக்கறது எனக்குத் தெரியும் கண்ணு. போன வருஷம் மாரியம்மன் நோம்பியில பாத்தேன், அரை மணி நேரம் பேசினேன், எனக்கு வளையல்கூட வாங்கிக் குடுத்தா."

"அப்புறம் ஏன் பெரியம்மா இரங்கல் போட்டீங்க?"

"எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டேன்."

"பேசியிருக்கீங்களே!"

"அது நேர்ல கண்ணு. இது குரூப்ல."

சாமியாத்தாள் கொஞ்ச நேரம் இருமினாள், பிறகு, எள்ளு தொண்டையிலேயே நிற்கிறது, எவ்வளவு வடிகட்டினாலும் ஒன்றிரண்டு வந்துவிடுகிறது என்றாள்.

அந்த வாரக் கடைசியில் குழுவில் ஒரு கோரிக்கை வந்தது. எள் படங்கள் அதிகமாகிவிட்டன, வம்சாவளிப் பேச்சே நடக்கவில்லை, ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு எள் படம்தான் என்று வைக்கலாம். நாற்பது பேர் கட்டை விரல் தூக்கினார்கள். குழந்தைவேலு எழுதினார். *அம்மிணி, எள் பற்றி இரண்டு விதி நல்ல தமிழில் எழுதிக் கொடுக்கவும்.*

நிறைமதி எழுதினாள், அழித்தாள், எழுதினாள், அழித்தாள். அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பெரியவர் கேட்டதைச் செய்யாமல் விட்டாள்.

அச்சுக்குப் போவதற்கு முந்தைய ஞாயிறு, வெள்ளோடைப்புதூர் கல்யாண மண்டபத்தில் மெய்ப்பு வாசிப்பு வைத்தார்கள். ஒவ்வொரு பக்கமும் திரையில் வரும், அந்தந்தக் குடும்பம் எழுந்து சரி என்று சொல்லும், சொன்னால் அச்சு. மடிக்கணினியை இயக்குவதற்கு நிறைமதியைத்தான் கூப்பிட்டிருந்தார்கள், தமிழில் அவள் அளவுக்கு வேகமாகத் தட்டுகிற ஆள் வேறு இல்லை. குழந்தைவேலுவுக்கு அவள் யாரென்று தெரிந்தே கூப்பிட்டார். இந்தப் புள்ளை வாயைத் திறக்காது என்று அவருக்கு நம்பிக்கை.

"நானும் வாறேன்" என்றாள் துளசிமணி. "செத்தவளுக்கு ஒரு இலை போடாமயா போயிருவாங்க?"

மாம்பழ நிறச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். மண்டபத்துக்குள் அவள் நுழைந்ததும் பேச்சு அடங்கியது. அடையாளம் தெரிந்தவர்கள் தெரியாதவர்களிடம் சொன்னார்கள். ஒருவரும் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவர்கள் வீட்டில் எள்ளை எப்படிப் பார்த்தார்களோ அப்படித்தான் அவளையும் பார்த்தார்கள். நடுவரிசையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளைச் சுற்றி இருந்த ஆறு நாற்காலிகள் காலியாயின.

நாற்பத்தாறாம் பக்கம் திரையில் வந்தது. குழந்தைவேலு ஒலிவாங்கியில் வாசித்தார். தங்கையின் பெயரை வாசிக்கும்போது குரல் இடறவில்லை, மறைவு ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றிரண்டு என்று எழுத்து எழுத்தாக வாசித்தார், வாசித்துவிட்டு "சரிதானுங்களே?" என்றார். மண்டபம் கால் கட்டை விரலைப் பார்த்தது.

துளசிமணி எழுந்தாள். "தாகமா இருக்குது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கை கழுவுகிற இடத்துக்கு நடந்தாள்.

இரங்கல் எழுதியவர்களில் மண்டபத்துக்காரரும் ஒருவர், அதனால் அங்கே பதினைந்து குழாய்களுக்கும் துணி கட்டியிருந்தது. அவள் முதல் குழாயின் துணியை அவிழ்த்தாள், திருகினாள், கையை ஏந்தினாள். தண்ணீர் வந்தது. ஒரு பொட்டு எள் இல்லாமல், கண்ணாடி மாதிரி வந்தது. குடித்தாள், முகத்தைக் கழுவினாள். அடுத்த குழாயைத் திறந்தாள், அதுவும் அப்படியே. யாரோ ஒருவர் ஓடி வந்து பக்கத்துக் குழாயைத் தானே திறந்து பார்த்தார். அதில் எள் கொட்டியது.

பிறகு மொத்தக் கூட்டமும் அங்கே திரண்டது. குடத்தைக் கொண்டா, வாட்டர் பாட்டிலைக் கொண்டா, சாம்பார் வாளி காலியாக இருக்கிறதா பார். முப்பத்திரண்டு வருஷமாகக் காணாதவர்கள் "துளசி", "துளசிக்கா", "சித்தி, எனக்கு ஒரு செம்பு" என்றார்கள். துளசிமணி குழாய் குழாயாகத் திறந்துவிட்டாள். நிறைமதி மேடையிலிருந்து பார்த்தாள். சரியாகிவிட்டது என்றுதான் அவளும் நினைத்தாள்.

அப்போது குழந்தைவேலு ஒலிவாங்கியில் சொன்னார். "நல்ல விஷயமுங்க. ஒரு ஏற்பாடு பண்ணிக்கலாம். வாரத்துல ரெண்டு நாள், வீட்டு வீட்டுக்கு வந்து இவங்க குழாயத் திறந்துவிட்டுட்டுப் போகட்டும். வண்டிச் செலவு குழு பாத்துக்கும். பேர் விஷயம் புத்தகத்துல இப்பத்திக்கு மாத்த முடியாது, அச்சாபீசுக்கு வாக்குக் குடுத்தாச்சு. வேணும்னா பின்னிணைப்புல, பேர் இல்லாம, ஒரு நன்றி போட்டரலாம்."

நாலைந்து பேர் கை தட்டினார்கள். உதவி செய்தவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பது குழு ஒழுங்கு.

துளசிமணி பதினைந்து குழாய்களையும் ஒவ்வொன்றாக மூடினாள். வாளியோடு நின்ற பெண் "அக்கா, பாதிதான் ஆச்சுங்க" என்றாள்.

"செத்தவ எப்படி அம்மிணி குழாயத் திறப்பா?" என்றாள் துளசிமணி.

கூட்டத்தின் பக்கம் திரும்பி மேலும் சொன்னாள். "அஞ்சு நிமிஷம் ஆவுமா, அந்த ஆழ்ந்த இரங்கல் எழுத? அதுகூட ஆவாது. இப்ப அஞ்சு நிமிஷம் எடுத்துக்கங்க. என்ற மூஞ்சியப் பாத்து, வாயத் திறந்து, நான் இருக்கறனா இல்லையான்னு சொல்லுங்க. சொல்றவங்க அவங்கவங்க குழாய அவங்கவங்களே திறந்துக்கலாம். வீடு வீடா வந்து திறக்க நான் பண்ணையத்தாளு இல்ல."

முதலில் வந்தவள் சாமியாத்தாள். அழவெல்லாம் இல்லை, எரிச்சலாகத்தான் இருந்தாள், தன் மேலேயே. "நீ இருக்கே புள்ள. எனக்கு வளையல் வாங்கிக் குடுத்தே. நாந்தான் தப்பா எழுதிப்போட்டேன்" என்றாள். போய்க் குழாயைத் திருகினாள். தண்ணீர்.

அதற்குப் பிறகு எல்லோரும் வரிசை கட்டினார்கள். சிலர் முணுமுணுத்தார்கள், அவர்களுக்குத் தண்ணீர் கலங்கலாக வந்தது, திரும்பி வந்து சத்தமாகச் சொன்னார்கள். துபாய்க்காரர் வீடியோ அழைப்பில் சொல்லிவிட்டு, அங்கேயே குளியலறைக்கு ஓடிப் பார்த்துக் கூவினார். எள் பொட்டலம் விற்றவர் மட்டும், கொஞ்சம் சரக்கு பாக்கி இருக்கிறது, அடுத்த மாதம் வந்து சொல்கிறேன் என்று கேட்டுக்கொண்டார்.

குழந்தைவேலு மேடையை விட்டு இறங்கவில்லை. வரிசை குறைந்து ஓய்கிற நேரத்தில் ஒலிவாங்கியில் மறுபடியும் சொன்னார். "வாய்ல ஆயிரம் சொல்லலாமுங்க. புத்தகத்துக்கு வேண்டியது ஆதாரம். அஞ்சாம் விதி. ஆதாரம் எங்கே?"

நிறைமதி அவருக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்தாள். ஒன்றரை வருஷமாக அவரை ஐயா என்று அழைத்தவள், ஒலிவாங்கி இல்லாமலேயே கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற குரலில், அவள் அம்மாவின் குரலில், "மாமா" என்றாள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. திரை மறைக்குது."

அவர் தள்ளி நின்றார்.

நானூறு பேர் பார்க்க, திரையில் 1992 என்பதன் ஒவ்வொரு எண்ணும் பின்னாலிருந்து முன்னோக்கி மறைந்தது. மறைவு என்ற சொல் மறைந்தது. மணமாகவில்லை என்ற இடத்தில் கணவர் மரியசெல்வம் என்று வந்தது. வாரிசு இல்லை என்ற இடத்தில் மகள் நிறைமதி என்று வந்தது. ஆதாரம் என்ற கட்டத்தில் கர்சர் கொஞ்ச நேரம் துடித்துக்கொண்டு நின்றது, பிறகு எழுத்துகள் ஓடின: *எதிரில் நிற்கிறாள்.*

"சரிதானுங்களே?" என்று கேட்டாள் நிறைமதி. சரி என்றது மண்டபம். அச்சுக்குப் போயிற்று.

குழுவின் ஒழுங்கில் இப்போது பன்னிரண்டு விதிகள் இருக்கின்றன. புதிதாக எழுதியதை அவள் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள், முதலில் எழுதும்போது இதையெல்லாமா எழுத வேண்டும் என்று விட்டுவிட்ட விதி: உயிரோடு இருப்பவரைச் செத்தவர் என்று எழுதக் கூடாது.

குழந்தைவேலு இன்னும் வாய் திறந்து சொல்லவில்லை. தினமும் காலையில் பல் துலக்கக் குழாயைத் திருகுகிறார், எள்ளும் தண்ணீருமாகக் கை நிறைகிறது, ஜன்னலில் அடித்த அட்டையைக் கிழித்துக்கொண்டு காக்கைகள் எட்டிப் பார்க்கின்றன. யாருக்கு இறைக்கிறார் என்று அவற்றுக்கும் தெரியவில்லை. ஈரோட்டில் அந்த நேரத்துக்கு ஒரே அதட்டலில் ஒரு விடுதியே எழுந்துவிடுகிறது.